சந்திலிருந்து தொடங்கிய ஆய்வு

படிக்குமுன் சிந்திக்க: உங்கள் வீட்டுக் கழிவறையில் நீரைத் திறந்துவிட்டபின் அந்த நீர் எங்கே செல்கிறது? அதற்கான குழாயை யார் அமைத்தார்கள்?

வாளி இருந்த காலம்

நம் தாத்தா பாட்டிகளிடம் அவர்களுடைய இளமைக்காலத்தைப் பற்றிக் கேட்டால், கம்பத்து வாழ்க்கையின் இனிமைகளைப் பற்றி நிறையச் சொல்வார்கள். கூடவே, சற்றுத் தயங்கி, இன்னொன்றையும் சொல்வார்கள். வீட்டிலிருந்து தள்ளி ஒரு சிறிய அறை இருக்கும். அதன் மேடையில் ஒரு துளை. துளைக்குக் கீழே ஒரு வாளி. நிரம்பிய வாளியைத் தொழிலாளர் ஒருவர் எடுத்துக்கொண்டு, காலி வாளியை வைத்துவிட்டுப் போவார். இரவில் அங்கே தனியாகப் போக அஞ்சிய பிள்ளைகள் பலர்.

சிங்கப்பூரில் இந்த வாளி முறை முற்றாக ஒழிந்தது 1987ஆம் ஆண்டில்தான். அதே ஆண்டில், 1977இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணியும் நிறைவுற்றது. ஆற்றோரங்களில் வாழ்ந்த குடும்பங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளுக்கு மாறின. அந்த வீடுகளில் குழாய்நீர் இருந்தது. கழிவுநீர்க் குழாயுடன் இணைந்த கழிவறையும் இருந்தது. திட்டத்தையும் பணத்தையும் நிலத்தையும் அரசாங்கமே வழங்கியது.

எல்லா நகரங்களிலும் அப்படி நடப்பதில்லை. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் 2.2 பில்லியன் மக்களுக்குப் பாதுகாப்பாகப் பராமரிக்கப்படும் குடிநீர் கிடைக்கவில்லை. 3.5 பில்லியன் மக்களுக்குப் பாதுகாப்பான கழிவறை வசதி இல்லை. அவர்களுள் பலர், வேலை தேடி நகரங்களுக்கு வந்து, நகரத்தின் ஓரங்களில் குடியேறியவர்கள். அத்தகைய மக்களுக்குக் குழாய்கள் எப்படிப் போய்ச் சேரும்? இக்கேள்விக்கு விடை தேடிய ஓர் ஆய்வைப் பற்றி இப்பாடத்தில் காண்போம். அதற்குமுன், கழிவறைக்கும் குடிநீருக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்வது அவசியம்.

ஒரு கிணறு சொன்ன உண்மை

1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில், லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் காலரா எனப்படும் வாந்திபேதி நோய் பரவியது. பத்தே நாள்களில் 500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று அக்கால மருத்துவர்கள் பெரும்பாலும் நம்பினர். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் அதை ஏற்கவில்லை. நோய் தண்ணீரின் வழியே பரவுகிறது என்று அவர் கருதினார்.

கருத்து மட்டும் இருந்தால் போதுமா? சான்று வேண்டுமல்லவா? ஸ்னோ வீடு வீடாகச் சென்று விசாரித்தார். இறந்தவர்களின் வீடுகளைப் பின்னர் ஒரு வரைபடத்தில் குறித்தார். அவ்வீடுகள் பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்புக் கிணற்றைச் சுற்றியே இருந்தன. நோய் தாக்காத இடங்களையும் அவர் ஆராயத் தவறவில்லை. அருகில் இருந்த ஏழைகள் விடுதியில் 500க்கும் மேற்பட்டோர் தங்கியிருந்தனர். அவர்களுள் 5 பேர் மட்டுமே இறந்தனர். அந்த விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவில் இருந்த பீர் ஆலையில் எழுபதுக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர், ஒருவர்கூட இறக்கவில்லை. அவர்கள் அந்தக் கிணற்று நீரைக் குடிப்பதில்லை.

ஸ்னோ தம் சான்றுகளை அப்பகுதி நிர்வாகக் குழுவிடம் எடுத்துரைத்தார். செப்டம்பர் 8ஆம் நாள், அந்தப் பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது. அதற்குள் நோயின் வேகம் தணியத் தொடங்கியிருந்தது என்பதும் உண்மை. ஆனால், நோய் எப்படி வந்தது என்பது பின்னர் தெளிவானது. ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் சமயகுரு அப்பகுதி மக்களை நன்கு அறிந்தவர். அவர் தொடர்ந்து விசாரித்தபோது, கிணற்றை அடுத்த வீட்டில் ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்கால் இறந்த செய்தி கிடைத்தது. குழந்தையின் துணிகளை அலசிய நீர், அவ்வீட்டுக் கழிவுத் தொட்டியில் ஊற்றப்பட்டிருந்தது. அந்தத் தொட்டி கிணற்றிலிருந்து சில அடி தொலைவில்தான் இருந்தது. தொட்டியின் சுவர் சிதைந்திருந்ததால் கழிவு மண்ணின் வழியே கிணற்றுக்குள் கசிந்திருந்தது.

ஆகவே, கழிவை முறையாக அகற்றாத நகரத்தில் நல்ல குடிநீரும் நிலைக்காது. இந்த உண்மை தெரிந்து நூறாண்டுகளுக்கும் மேல் ஆனபின்னும், அதைச் செயல்படுத்த முடியாமல் பல நகரங்கள் திணறின. அவற்றுள் ஒன்று, பாகிஸ்தானின் மிகப் பெரிய நகரமான கராச்சி.

ஓராங்கிக்கு வந்த முதியவர்

கராச்சியின் வடமேற்கில் ஓராங்கி என்னும் பெரிய குடியிருப்புப் பகுதி உள்ளது. 1980ஆம் ஆண்டில் அங்கே இலட்சக்கணக்கானோர் வாழ்ந்தனர். திட்டமிட்டு அமைக்கப்படாத பகுதி என்பதால் கழிவுநீர்க் குழாய்கள் இல்லை. பெரும்பாலான வீடுகளில் வாளிக் கழிவறைகளே இருந்தன. சில நாள்களுக்கு ஒருமுறை வாளியிலிருந்த கழிவு சந்திலேயே கொட்டப்பட்டது. சற்று வசதியுள்ளோர் உறிஞ்சுகுழி தோண்டினர். அதுவும் சில ஆண்டுகளில் நிரம்பிவிட்டது. வீட்டுக் கழிவுநீர் வாசலில் ஓடியது. பிள்ளைகள் அதன் ஓரத்திலேயே விளையாடினர்.

அந்த ஆண்டில் அக்தர் ஹமீது கான் ஓராங்கிக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் உயர் அரசாங்கப் பதவி வகித்த அவர், அப்பதவியைத் துறந்து, ஒரு கிராமத்தில் பூட்டுத் தொழிலாளியாக உழைத்தவர். பின்னர் கொமில்லா என்னும் ஊரில் விவசாயிகளுக்கான கூட்டுறவுத் திட்டத்தை நடத்திப் புகழ்பெற்றவர்.

இவ்வளவு அனுபவம் உள்ளவர் வந்தவுடன் ஒரு திட்டத்தை அறிவித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பல மாதங்கள் ஓராங்கியின் சந்துகளில் நடந்தார். கடைக்காரர்களோடும் தொழிலாளர்களோடும் பேசினார். “உங்களுக்கு எது பெருந்துன்பமாக இருக்கிறது? அதைத் தீர்க்க நீங்கள் என்ன முயற்சி செய்தீர்கள்?” என்பனவே அவர் அறிய விரும்பியவை. மக்கள் சொன்ன முதன்மையான குறைகளுள் ஒன்று கழிவுநீர். இவ்வாறு பிறந்ததே ‘ஓராங்கி முன்னோடித் திட்டம்’.

நான்கு தடைகள்

மக்களுக்குச் சாக்கடை தேவை. அவர்கள் உழைப்பதற்கும் அஞ்சாதவர்கள். பிறகு ஏன் அவர்களே அதை அமைத்துக்கொள்ளவில்லை? இக்கேள்வியை ஆராய்ந்த கானும் அவருடன் பணியாற்றியவர்களும் நான்கு தடைகளைக் கண்டறிந்தனர்.

முதலாவது, மனத்தடை. சாக்கடையை அரசாங்கம் என்றாவது ஒருநாள் இலவசமாக அமைத்துத் தரும் என்று மக்கள் காத்திருந்தனர். ஆண்டுகள் கடந்தன, யாரும் வரவில்லை.

இரண்டாவது, பொருளாதாரத் தடை. ஒப்பந்தக்காரர்கள் மூலம் குழாய் பதிக்க ஆகும் செலவு, கூலித் தொழிலாளர்களின் வருமானத்துக்கு எட்டாததாக இருந்தது.

மூன்றாவது, தொழில்நுட்பத் தடை. குழாயை எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு சரிவில் பதிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

நான்காவது, சமூகத் தடை. கழிவறையை ஒரு குடும்பம் தனியாகக் கட்டிக்கொள்ளலாம். ஆனால், சந்துக்கான குழாயைத் தனியொரு குடும்பம் பதிக்க முடியாது. எல்லாரும் சேர வேண்டும். சேர்ப்பது யார்?

இந்த நான்கையும் ஒருசேர நீக்க வேண்டும் என்பதே அவர்கள் கண்ட முடிவு. எனவே, அவர்கள் நகரம் முழுவதற்குமான பெரிய திட்டம் எதையும் வரையவில்லை. இருபது அல்லது முப்பது வீடுகள் கொண்ட ஒரு சந்தையே ஓர் அலகாகக் கொண்டனர். ஒரே சந்தில் வாழ்பவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். யார் நேர்மையானவர், யாருடைய சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு சந்திலும் கூட்டம் நடந்தது. கழிவறையும் குழாயும் எப்படி வேலை செய்யும் என்பது படங்களாலும் மாதிரிகளாலும் விளக்கப்பட்டது. மக்கள் தங்களுள் ஒருவரைச் சந்தின் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்தனர். அவர் உதவி கேட்டு விண்ணப்பித்தபின், திட்டத்தின் பணியாளர்கள் கருவிகளோடு வந்து நிலத்தின் ஏற்ற இறக்கங்களை அளந்தனர். வரைபடமும் செலவுக் கணக்கும் தயாரித்துத் தந்தனர். தோண்டும் கருவிகளை இரவல் கொடுத்தனர். ஆனால், மக்களின் பணத்தை மட்டும் அவர்கள் தொடவே இல்லை. பணத்தை வசூலித்ததும் செலவழித்ததும் சந்தின் பொறுப்பாளரே. தங்கள் பணம் எங்கே போகிறது என்பது கண்முன்னே தெரிந்ததால் மக்களுக்கு நம்பிக்கை பிறந்தது.

எளிமையும் ஆராய்ச்சிதான்

தொடக்கத்தில் தவறுகளும் நேர்ந்தன. பழக்கமில்லாதவர்கள் செய்த வேலை என்பதால் சிமெண்ட்டுக் கலவை சில இடங்களில் உறுதியாக அமையவில்லை. இத்தவறுகளை மறைக்காமல் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, செய்முறையை மாற்றிக்கொண்டே வந்தனர். கட்டடக் கலைஞர் ஆரிஃப் ஹசன் இப்பணியில் ஆலோசகராக இணைந்தார்.

அவர்கள் செய்த ஒரு சிறு மாற்றத்தைப் பார்ப்போம். கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுமானால், பெரிய குழாயாகவும் நல்ல சரிவுடனும் இருக்க வேண்டும். அதற்கு ஆழமாகத் தோண்ட வேண்டும், செலவு கூடும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு கழிவறைக்கும் சந்துக் குழாய்க்கும் இடையே ஒரு சிறிய தொட்டி கட்டப்பட்டது. திடக்கழிவு தொட்டியின் அடியில் தங்கிவிடும். நீர் மட்டும் குழாய்க்குள் செல்லும். இதனால் சிறிய குழாயே போதுமானதாயிற்று. இரும்பு அச்சுகளைப் பயன்படுத்தி, தேவையான பாகங்களை அங்கேயே வார்த்தனர். ஒப்பந்தக்காரரின் இலாபமும் இல்லை. செலவு பல மடங்கு குறைந்தது. 1980களில் ஒரு குடும்பம் தன் கழிவறைக்கும் சந்துக் குழாய்க்குமாகச் செலவிட்டது ஏறக்குறைய 1,000 பாகிஸ்தான் ரூபாய்தான்.

நீரோடைகளுக்கு அருகில் இருந்த சந்துகளே முதலில் முன்வந்தன. கழிவுநீரைக் கொண்டு சேர்க்க அவற்றுக்கு வழி பக்கத்திலேயே இருந்தது. அச்சந்துகள் உலர்ந்து தூய்மையானதைக் கண்ட அடுத்த சந்தினரும் வந்து கேட்டனர். தொலைவில் இருந்த சந்துகள் ஒன்றுசேர்ந்து இணைப்புக் குழாய்களை அமைத்தன. இவ்வாறு, காலப்போக்கில், 90,000க்கும் மேற்பட்ட வீடுகள் தங்கள் சொந்தப் பணத்தில் கழிவுநீர் வசதியைப் பெற்றன.

வரைபடம் தந்த வலிமை

கட்டடக் கலை படித்த இளம்பெண் பர்வீன் ரஹ்மான், 1980களின் தொடக்கத்தில் இத்திட்டத்தில் சேர்ந்தார். பின்னர் அதன் ஆய்வு, பயிற்சிக் கழகத்துக்குத் தலைமை ஏற்றார். ஓராங்கியின் இளையர்களுக்கு நில அளவையும் வரைபடம் வரைதலும் கற்பிக்கப்பட்டன. அந்த இளையர்கள் ஓராங்கியோடு நின்றுவிடாமல், கராச்சியின் நூற்றுக்கணக்கான குடியிருப்புகளை அளந்து வரைபடமாக்கினர்.

அந்த வரைபடங்கள் ஓர் உண்மையை வெளிப்படுத்தின. அதிகாரிகளின் ஆவணங்களில் இத்தகைய குடியிருப்புகளில் சாக்கடை எதுவும் இல்லை. ஆனால், பல இடங்களில் மக்கள் ஏற்கெனவே தாங்களாகவே குழாய்களைப் பதித்திருந்தனர். அவை யாவும் இயற்கையான நீரோடைகளில் சென்று கலந்தன. அப்படியானால், இருப்பதை இல்லையென்று எண்ணி, எல்லாவற்றையும் புதிதாக, பெருஞ்செலவில் அமைக்கத் தேவையில்லை. நீரோடைகளைச் சீரமைத்து, மூடிய பெருங்கால்வாய்களாக மாற்றினாலே போதும் என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

குடிநீரையும் பர்வீன் ஆராய்ந்தார். நகரத்தின் பெரிய குழாய்களிலிருந்து தண்ணீர் சட்டவிரோதமாக எடுக்கப்பட்டு, லாரிகளில் ஏற்றப்பட்டு, குழாய்நீர் வராத ஏழைகளுக்கே அதிக விலைக்கு விற்கப்பட்டது. அது எங்கெங்கே நடக்கிறது என்பதை அவர் ஆவணப்படுத்தினார். ஏழைகளின் வீடும் நிலமும் பறிபோகாமல் இருக்கவும் அவருடைய வரைபடங்கள் உதவின. இவை சிலருடைய ஆதாயத்துக்கு இடையூறாயின. மிரட்டல்கள் வந்தபோதும் அவர் பணியை நிறுத்தவில்லை. 2013ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒரு குழாய் எங்கே ஓடுகிறது என்று தாளில் கோடு வரைவது ஆபத்தான வேலையா என்று நமக்குத் தோன்றலாம். தண்ணீர் யாருக்குச் சேர்கிறது, யாருக்குச் சேரவில்லை என்பதை அந்தக் கோடு காட்டிவிடுகிறது. அறியாமையால் நடந்த தவற்றை வரைபடம் திருத்தும். தெரிந்தே நடந்த தவற்றையோ அது அம்பலப்படுத்தும்.

தீராத கேள்வி

ஓராங்கியின் ஆய்வு எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிட்டதா? இல்லை. வீடு, சந்து, இணைப்புக் குழாய் ஆகியவற்றை மக்கள் பார்த்துக்கொள்வார்கள். பெருங்கால்வாய்களையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் அரசாங்கம் அமைக்க வேண்டும் என்பதே அவர்கள் வகுத்த பங்கீடு. முதற்பங்கு பெரிதும் நிறைவேறியது. இரண்டாம் பங்கு முழுமை பெறவில்லை. கராச்சியின் கழிவுநீரில் பெரும்பகுதி இன்றும் சுத்திகரிக்கப்படாமலே அரபிக் கடலில் கலக்கிறது.

இன்னொரு கேள்வியும் எழுகிறது. வசதியுள்ளோர் வாழும் பகுதிகளில் சந்துக் குழாயை அரசாங்கமே பதிக்கிறது. ஏழைகள் மட்டும் தங்கள் கையிலிருந்து பணம் போட வேண்டும் என்பது நியாயமா? நியாயமன்று என்று வாதிடுவோர் உண்டு. காத்திருந்தால் இன்னொரு தலைமுறைப் பிள்ளைகள் நோயில் வாடியிருப்பார்களே என்று மறுமொழி கூறுவோரும் உண்டு. இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. மக்களின் முயற்சி அரசாங்கத்தின் கடமைக்கு மாற்றாகிவிடாது. ஆனால், அந்த முயற்சிதான் அரசாங்கம் தன் கடமையை உணரும்படி செய்தது.

சிங்கப்பூரில் நம் வீட்டுக் கழிவுநீர் ஆழச் சுரங்கக் குழாய்களின் வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. அதில் ஒரு பகுதி மீண்டும் தூய்மையாக்கப்பட்டுப் புதுநீர் ஆகிறது. வாளியிலிருந்து புதுநீர் வரை நாம் கடந்து வந்த தொலைவு பெரிது. அதனாலேயே, குழாயைத் திறந்தால் நீர் வருவதையும், கழிவறை நீர் மறைந்துபோவதையும் நாம் இயல்பென்று எண்ணிவிடுகிறோம். அந்த வசதிக்குப் பின்னால், எங்கோ ஒரு காலத்தில், யாரோ ஒருவர் தெருவில் இறங்கி நடந்திருக்கிறார், கதவைத் தட்டிக் கேட்டிருக்கிறார், அளந்து எழுதியிருக்கிறார். லண்டனில் ஸ்னோ செய்ததும் அதுவே. ஓராங்கியின் இளையர்கள் செய்ததும் அதுவே. நகரத்தைத் திருத்த விரும்புகிறவர் முதலில் அதன் சந்துகளை அறிய வேண்டும்.

கருத்தறிதல்

1. பீர் ஆலைத் தொழிலாளர்களையும் ஏழைகள் விடுதியையும் ஜான் ஸ்னோ ஏன் ஆராய்ந்தார்? நோய் தாக்காத இடங்களிலிருந்து அவர் அறிந்தது என்ன?

2. ஓராங்கி மக்கள் சாக்கடை அமைக்க முடியாமல் இருந்ததற்கான நான்கு தடைகளையும் அவை நீக்கப்பட்ட விதத்தையும் உம் சொந்த வாக்கியங்களில் எழுதுக.

3. திட்டத்தின் பணியாளர்கள் மக்களின் பணத்தைத் தொடாமல் இருந்ததால் விளைந்த நன்மை யாது?

4. “அறியாமையால் நடந்த தவற்றை வரைபடம் திருத்தும், தெரிந்தே நடந்த தவற்றையோ அது அம்பலப்படுத்தும்.” இக்கூற்றைப் பாடத்திலிருந்து இரு சான்றுகள் தந்து விளக்குக.

5. ஏழைகள் தங்கள் பணத்தில் சாக்கடை அமைத்துக்கொள்வது நியாயமா? குழுவாகக் கலந்துரையாடி, இரு தரப்புக் கருத்துகளையும் வகுப்பில் முன்வைக்கவும்.

செயல்பாடு

உங்கள் குடும்பத்தில் அல்லது அண்டைவீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரைச் சந்தித்து, அவருடைய இளமைக்காலத்தில் குடிநீரும் கழிவறையும் எப்படி இருந்தன என்று கேளுங்கள். கேட்பதற்கு ஐந்து கேள்விகளை முன்னதாகவே தயாரித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னவற்றை 150 சொற்களில் எழுதுங்கள். அவர் வாழ்ந்த இடத்தின் எளிய வரைபடம் ஒன்றை வரைந்து, தண்ணீர் எடுத்த இடத்தையும் கழிவறை இருந்த இடத்தையும் அதில் குறியுங்கள்.